பண்ணைக்குட்டையில் நீர் நிற்க: களிமண், மணல் கலவையை இறுக்கும் முறை

செம்மண் நிலத்தில் வெட்டிய குட்டையில் நீர் தங்காவிட்டால், களிமண்ணும் மணலும் கலந்த அடுக்கைத் தரையிலும் உட்சரிவிலும் இறுக்கிப் போட்டுக் கசிவைத் தடுக்கலாம். களிமண் மட்டும் போதாதா என்று கேட்பவர்கள், கோடையில் கரிசல் நிலம் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சுருக்கத்தைக் குறைக்கவே மணல் சேர்க்கிறோம். ஆனால் மணலின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் என்பதால், அதை முழுவதும் அடைக்கும் அளவுக்குக் களிமண் இல்லாவிட்டால் எவ்வளவு இடித்தாலும் பயனில்லை.

களிமண்ணைக் காயவைத்து, கட்டிகளைக் கோலிக்குண்டினும் சிறிதாக உடைத்து, மணலுடன் உலர்வாகவே புரட்டிக் கலந்த பின் நீர் தெளித்து, தார்ப்பாயால் மூடி ஓர் இரவு ஊறவிட வேண்டும்.

பெரும்பாலோர் தவறுவது ஈரத்தில்தான். மண் மிக அடர்த்தியாக இறுகும் ஈரப்பதத்தைக் கண்டறியும் சோதனையை அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் 1933-இல் வெளியிட்டார். சாலைக்கு அந்த ஈரம் போதும். குட்டைக்கு அதைவிட, உலர்ந்த மண்ணின் எடையில் 2 முதல் 3 சதவீதம் கூடுதலாக நீர் வேண்டும். ஈரம் குறைந்தால் கட்டிகள் நசுங்காமல் விறைத்து நிற்கும். தளம் பாறை போலத் தோன்றினாலும் அவற்றின் இடுக்குகளில் நீர் ஓடும், அடர்த்தி மாறாமலே கசிவு நூறு மடங்குகூடக் கூடலாம். ஒரு பிடி கலவையைப் பென்சிலைவிட மெல்லிய திரியாக உருட்டும்போது உதிராமலும், கையில் சேறாக அப்பாமலும் இருந்தால் அது சரியான பதம்.

கலவையை 20 செ.மீ. பரப்பி, 15 செ.மீ. ஆகும் வரை இறுக்குங்கள். வழவழப்பான ரோலர் மேற்பரப்பை மட்டுமே அழுத்தும். குளம்பு போன்ற முட்டுகள் உள்ள ரோலர்தான் மண்ணைப் பிசையும். சிறு குட்டைக்குக் கையால் இடிக்கும் திமிசுக்கட்டை போதும். அடுத்த அடுக்குக்கு முன் பரப்பைக் கீறி நனைக்காவிட்டால், இரண்டுக்கும் நடுவே நீர் பக்கவாட்டில் பரவும்.

குப்பைக் கிடங்குகளின் அடித்தளத்துக்கு, நீர் ஊடுருவும் திறன் விநாடிக்கு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலான அளவுகோல். அத்தகைய 45 செ.மீ. அடுக்கின் மேல் 1.8 மீட்டர் நீர் நின்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 செ.மீ. மட்டுமே கசியும். வெயில் குடிப்பது அதைவிடப் பல மடங்கு.

வேலை முடிந்ததும் ஒரு சாண் மண்ணால் மூடி, காயவிடாமல் நீர் நிரப்புங்கள். பிறகு ஒரு தொட்டியைக் குட்டையோரம் பாதி புதைத்து நீர் ஊற்றி, மழையில்லாத பத்து நாள்களில் இரண்டிலும் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று அளந்தால், குட்டையில் கூடுதலாக இறங்கியது ஏறத்தாழக் கசிவின் அளவு.