வானத்திலிருந்து நெல்லைச் சீமையின் பிழைப்பைப் படிக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர், லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் 30 மீட்டர். இரண்டும் இலவசம். கணினி இருந்தால் யாரும் தாமிரபரணிக் கரையின் பொருளாதாரத்தை ஆராயலாம். ஆனால் படத்தில் தெரிவது வெளிச்சமும் பச்சையும் கூரையும்தான். அதைப் பணமாக மாற்றிச் சொல்லும்போதுதான் சறுக்குகிறோம்.

நெல்லையில் பெரிதாகச் சறுக்க வைப்பது பச்சை. கோடையில் வறண்ட குளத்துக்குள் தழைத்து நிற்பது பெரும்பாலும் சீமைக்கருவேலம். ஒரே ஒரு மே மாதப் படத்தைப் பார்த்தால் அதுவும் வயலாகத் தோன்றும். ஆகாயத்தாமரை மூடிய குளமும் அப்படித்தான். வருடம் முழுவதும் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஜூனில் தொடங்கும் கார் நெல்லும் வடகிழக்குப் பருவமழையில் நடும் பிசான நெல்லும் பச்சையில் ஏறி இறங்கும். கருவேலம் பெரிதாக அசையாது. ஆனால் களக்காட்டுப் பக்கத்து வாழையும் ஏறக்குறைய ஒரு வருடம் நிற்கும் பயிர். அதையும் கருவேலத்தையும் பிரிக்க நேரில் போய்ப் பார்ப்பதே நல்லது.

பிசான நடவுக் காலத்தில் வடகிழக்குப் பருவமழை மேகம் மறைக்கும். மேகப் படங்களைத் தள்ளிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி போட்டால் நடவே கணக்கிலிருந்து போய்விடும். மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கட்டிய வயல் அதில் கருப்பாகத் தெரியும்.

இரவு வெளிச்சத்தை நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது பலரும் எடுக்கும், செயற்கைக்கோளில் இருக்கும் விர்ஸ் (VIIRS) கருவியின் படம் நள்ளிரவு 1.30 மணி வாக்கில் பதிவாவது. முக்கூடல், ஆலங்குளம், கடையம் வட்டாரத்தில் பெண்கள் பகலில் வீட்டுத் திண்ணையில் இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டும் பீடியில் எத்தனை குடும்பங்கள் சாப்பிடுகின்றன! அந்த உழைப்புக்கு அந்தப் படத்தில் ஒரு புள்ளிகூட கிடையாது. நாலுவழிச் சாலையின் சுங்கச்சாவடியோ விடிய விடிய எரிகிறது. இதை வைத்து ‘இந்த ஊர் ஏழை, அந்த ஊர் வளம்’ என்று எழுதுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

சோடியம் விளக்கை எடுத்துவிட்டு எல்இடி போட்டாலும் வெளிச்சம் குறைந்ததாகப் பதிவாகலாம், ஏனென்றால் விர்ஸ் நீல ஒளியைச் சரியாக வாங்காது. 1992 முதல் 2013 வரையிலான பழைய டிஎம்எஸ்பி (DMSP) செயற்கைக்கோள்களின் இரவுப் பட வரிசையில் வெளிச்ச அளவு 63-க்கு மேல் ஏறாது. அதையும் விர்ஸையும் அப்படியே ஒட்டினால் இல்லாத ஏற்ற இறக்கம் தோன்றும்.

2019 நவம்பரில் தென்காசி நெல்லையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதனால் எல்லா வருடத்துக்கும் ஒரே எல்லையை வையுங்கள்.

கடைசியாக, படக் கணக்கைக் கிராம அடங்கலோடு, அதாவது கிராமத்தின் பயிர்க் கணக்குப் பதிவேட்டோடு, ஒப்பிடாமல் விடாதீர்கள். அடங்கல், வருவாய்த்துறையின் பசலி ஆண்டுப்படி எழுதப்படுவது. பசலி ஜூலை 1-ல் தொடங்கும். ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டினால் ஒரு பிசானம் இரண்டு வருடத்துக்குப் பிரிந்துபோகும். ஜூலை முதல் ஜூன் வரை கூட்டுங்கள். ஜூனிலேயே தொடங்கிவிடும் கார் நடவை மட்டும் அடுத்த பசலியோடு சேர்த்துப் பாருங்கள்.