டைகர் கிட்டில் இருப்பது எந்த மாதத்து டாங்கி? பசை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கியான டைகர் 1-க்கு 1/35 அளவில் பிளாஸ்டிக் மாதிரி கிட் புதிதாக வரும்போதெல்லாம் "துல்லியமா, இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். எந்த மாதத்து டைகர் என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும். கஸ்ஸல் நகரின் ஹென்ஷல் தொழிற்சாலை 1942 ஆகஸ்ட் முதல் 1944 ஆகஸ்ட் வரை சுமார் 1,350 டைகர்களைக் கட்டியது. அந்த இரண்டு வருடமும் மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. பெட்டியில் போட்டிருக்கும் 'ஆரம்பகாலம்', 'நடுக்காலம்', 'பிற்காலம்' எல்லாம் வெறும் தோராயப் பிரிவுகள். ஒவ்வொரு பாகமும் மற்ற பாகங்களோடு ஒரே காலத்தில் இருந்ததா என்பதுதான் சோதனை.

ஆகவே முதலில் கிட்டைப் பார்க்காதீர்கள். செய்யப்போகும் டாங்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தக் காலத்தில் எடுத்த புகைப்படம் ஒன்றையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகப் படம் துணைக்குத்தான். பழுதுபார்க்கும்போதும் காட்சிக்கு வைக்கும்போதும் பாகங்கள் மாறியிருக்கும்.

பிறகு சக்கரம். மாதத்தைக் குறுக்குவதற்கு இதைவிடச் சீக்கிரமான வழி இல்லை. ரப்பர் விளிம்புள்ள சக்கரம் என்றால் ஒரு பக்கம் எட்டு அச்சு, அச்சுக்கு மூன்று என 24 சக்கரம். 1944 பிப்ரவரியிலிருந்து வந்த இரும்பு விளிம்புச் சக்கரம் அச்சுக்கு இரண்டுதான், பக்கத்துக்கு 16. ஸ்புரூவில், அதாவது பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்தில், எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது குபோலா, அதாவது டாங்கியின் மேலே கமாண்டர் வெளியே பார்க்கும் சிறு கூண்டு. நெடுக்கு உருளையாக, ஐந்து பார்வைப் பிளவுகளோடு இருந்தால் பழையது. 1943 ஜூலையில் ஏழு பெரிஸ்கோப் கொண்ட தாழ்வான வார்ப்பு குபோலா வந்தது. டரட்டின் (பீரங்கி பொருத்திய சுழலும் மேற்கூடு) பக்கவாட்டுப் புகைக்குண்டு வீசிகளை அதற்கு முந்தைய மாதமே நிறுத்திவிட்டார்கள். எனவே வார்ப்பு குபோலாவும் புகைக்குண்டு வீசியும் ஒரே டரட்டில் இருக்கும்படி கிட்டின் வழிகாட்டித் தாள் சொன்னால், புகைப்படத்தில் அப்படித் தெரிந்தால் மட்டும் நம்புங்கள்.

காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்க டாங்கியின் மேல் பூசிய சிமெரிட் பூச்சு 1943 ஆகஸ்ட்–செப்டம்பர் வாக்கில் தொடங்கியது. அதை நிறுத்தும் உத்தரவு 1944 செப்டம்பரில்தான் வந்தது, அதற்குள் டைகர் உற்பத்தியே முடிந்துவிட்டது. அதனால் இரும்புச் சக்கரத்தோடு புதிதாக வெளிவந்த டைகர் எல்லாமே சிமெரிட்டோடுதான் வந்தது. வார்ப்பு குபோலா இருந்தும் சிமெரிட் இல்லாத டைகர் உண்டு, ஆனால் அது 1943 கோடையின் சில வாரங்களுக்கே உரியது. பின்புறத்து ஃபைஃபெல் காற்று வடிகட்டியும் ஹல் (டாங்கியின் அடி உடல்) மேல் இருந்த எஸ்-மைன் (ஆட்களைத் தாக்கும் கண்ணிவெடி) வீசிகளும் 1943 அக்டோபர் வாக்கில் நின்றன. மாற்றம் வந்த பிறகும் கிடங்கில் இருந்த பழைய பாகங்கள் போடப்பட்டன. ஆகவே ஒன்றிரண்டு மாதம் முன்பின் போவதை மன்னிக்கலாம், ஆறு மாத வித்தியாசத்தை மன்னிக்க முடியாது.

பல கிட்டுகள் ஒரே வார்ப்பு அச்சிலிருந்து நான்கைந்து பெட்டிகளாக வருகின்றன. வழிகாட்டியில் 'பயன்படுத்தாதது' என்று நிழலிட்ட பாகங்களை வெட்டி எறியாதீர்கள், உங்கள் மாதத்துக்குரிய குபோலா அங்கே இருக்கலாம். ஹல் கூரையின் உட்புறத்தில் பாதி துளைத்த குழிகள் இருக்கும். வழிகாட்டி சொல்கிறதே என்று எல்லாவற்றையும் திறந்துவிட்டால் பிறகு மூடுவது பெரும்பாடு. சூடாக்கி இழை போல இழுத்த ஸ்புரூவைப் பசையோடு செருகி, குறைந்தது ஒரு நாள் காயவிட்டுத் தேயுங்கள். அவசரப்பட்டால் பிளாஸ்டிக் சுருங்கி, பெயின்ட் அடித்த பிறகு வட்டப் பள்ளமாகத் தெரியும்.

அளவுக்கு வெர்னியர் காலிப்பர் போதும். நிஜ மி.மீ.யை 35-ஆல் வகுத்தால் கிட் அளவு. சக்கர விட்டம் 800, கிட்டில் 22.9. போரில் மாட்டிய டிராக்கின் (சக்கரங்களைச் சுற்றும் சங்கிலிப் பட்டை) அகலம் 725, கிட்டில் 20.7. ரயிலில் ஏற்றும்போது மாட்டிய குறுகிய டிராக் 520, கிட்டில் 14.9. பீரங்கிக் குழலில்தான் பலர் தவறுகிறார்கள். எல்/56 (குழல் நீளம் அதன் 88 மி.மீ. விட்டத்தைப் போல 56 மடங்கு) என்பதை வைத்து 88 × 56 = 4,928, ஆகவே 140.8 மி.மீ. என்று கணக்குப் போட்டு, டரட்டுக்கு வெளியே அளந்துவிட்டு, "குழல் குட்டை" என்று முடிவுகட்டுவார்கள். அந்த நீளத்தில் டரட்டுக்குள் இருக்கும் பின்பகுதியும் அடக்கம், குழல் நுனியில் உதைப்பைக் குறைக்க மாட்டிய பிரேக் அடக்கமில்லை. குழலை நேர் முன்னே திருப்பி, ஹல் முகப்பிலிருந்து பிரேக் நுனி வரை அளந்து பாருங்கள். மொத்த நீளம் 8.45 மீட்டர், ஹல் 6.32 மீட்டர் என்பதால் அது 61 மி.மீ. வாக்கில் வர வேண்டும்.

புத்தக அளவு கிடைக்காத பாகத்துக்குப் புகைப்படமே அளவுகோல். நேர் பக்கவாட்டுப் படத்தில் சக்கரம் 16 மி.மீ. என்றால் படத்தின் 1 மி.மீ. நிஜத்தில் 50 மி.மீ. ஆனால் சக்கரம் இருக்கும் அதே தளத்தில் உள்ள பாகங்களுக்குத்தான் இது செல்லும். உள்ளே தள்ளியிருக்கும் டரட் படத்தில் கொஞ்சம் சிறிதாகத் தெரியும். அரை மி.மீ. பிழைக்கு நிஜ அளவு 17.5 மி.மீ. சக்கர விட்டத்தில் அது கண்ணில் படாது, குபோலா விளிம்பின் தடிமனில் உடனே படும்.

புதிய கிட்டுகளில் நமக்கு அதிகம் உறுத்துவது அச்சிலேயே வார்த்த சிமெரிட். நிஜத்தில் சில மி.மீ. தடிமனே உள்ள பூச்சு 1/35-ல் 0.1 முதல் 0.2 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். வரிப்பள்ளம் உழுத வயல் மாதிரி ஆழமாக இருந்தால், 400-ஆம் எண் உப்புத்தாளை ஈரத்தில் தேய்த்து முகடுகளைத் தாழ்த்துங்கள். சரிவரவில்லை என்றால் முழுக்கத் தேய்த்தெடுத்து, எபாக்ஸி புட்டியைத் தண்ணீர் தொட்டு மெல்லப் பரப்பி, 4–5 மி.மீ. அகலத்துக்கு உடைத்த ரம்பத் தகட்டால் கிடைமட்ட வரிகள் போடுங்கள். புட்டி இறுகத் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும், அதனால் ஒரு தடவைக்கு ஒரு தகடு போதும். டரட் கூரையிலும் குழலிலும் பூச்சு கிடையாது.

எண்களும் சின்னங்களும் அச்சிட்ட டெக்கல் தாளையும் இதே மாதக் கணக்கில் வைத்துப் பாருங்கள். துனிசியாவில் 1943 ஏப்ரலில் பிடிபட்டு இப்போது இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் நிற்கும் 131 என்ற எண் கொண்ட டைகரைச் செய்வதென்றால் உருளைக் குபோலாவும் ரப்பர் சக்கரமும் வேண்டும், சிமெரிட் கூடாது. ஒரே தாளில் 131-உம் 1944-ல் நார்மண்டியில் சண்டையிட்ட டைகரின் எண்ணும் இருந்தால் இரண்டுக்கும் பாகங்கள் வேறு. வண்ணமும் அப்படித்தான். 1943 பிப்ரவரியில் அடிப்படை வண்ணம் அடர்சாம்பலிலிருந்து அடர்மஞ்சளுக்கு மாறியது, அதனால் சாம்பல் உடலில் இரும்புச் சக்கரம் வரக்கூடாது.

விதிவிலக்கும் உண்டு. பட்டறைகளில் பழைய ஹல்லில் புதிய பாகங்களை ஏற்றிக் கட்டிய கலப்பு டைகர்கள் இருந்தன. 1945 ஏப்ரலில் சண்டையிட்ட ஃபெர்மான் குழு என்ற ஜெர்மன் படைப்பிரிவின் வண்டிகள் இதற்கு நல்ல உதாரணம். ஆனால் கிட்டின் தவறை "பட்டறையில் மாற்றியிருப்பார்கள்" என்று நியாயப்படுத்த இதைப் பயன்படுத்தாதீர்கள். கலப்பு வண்டி செய்கிறீர்களா, அந்த வண்டியின் படம் கையில் வேண்டும்.

டிராக் மாட்டும்போது பக்கத்துக்கு 96 கண்ணி. கண்ணி மிஞ்சினாலோ போதாமல் போனாலோ கண்ணியை வெட்ட வேண்டாம், முதலில் பின் ஐட்லரின் (டிராக்கை இழுத்துப் பிடிக்கும் பின்சக்கரம்) நிலையைச் சரிபாருங்கள். சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகள் ஒரு பக்கம் முன்னோக்கியும் மறுபக்கம் பின்னோக்கியும் இருக்கும் என்பதால் இடவல மாறாட்டம் இங்கேதான் நடக்கிறது. ஆரம்பகாலத்து முதல் சில வண்டிகளில் இடது, வலது டிராக்குகள் கண்ணாடிப் பிம்பங்கள். பிறகு இரு பக்கமும் ஒரே கண்ணியைப் போட்டதால் ஒரு பக்கம் திரும்பினாற்போலத் தெரியும், அது பிழையல்ல.