பூனை மணல் வீடெல்லாம் பரவாமல் இருக்க

இலங்கையின் வன்னியில், பூனை மலசலம் கழிக்கவென்று கடையில் மணல் வாங்குவோர் குறைவு. மரக்காலையில் கிடைக்கும் மரத்தூளையோ வளவு மண்ணையோ பேசினில் போட்டு மூலையில் வைத்துவிடுவோம். மரத்தூளும் உமியும் பாரமில்லாதவை. பூனை ஒருதரம் பிறாண்டினாலே குசினி வரைக்கும் வந்துவிடும். செம்மண்ணோ நிலத்தில் கறை பிடிக்கும். பூச்சு வேலைக்கு மணல் அரிக்கும்போது மிஞ்சும் பருமணல்தான் நல்லது. அதை வடிவாகக் காயவைத்து, இரண்டு அங்குலத்துக்குப் போட்டால் போதும்.

பேசினை விட, ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டிய பெரிய பிளாஸ்டிக் கான் சிறந்தது. வெட்டிய விளிம்பை அரத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலைக் கிழிக்கும். பூனை இறங்கும் அந்தத் தாழ்ந்த பக்கம் தும்புக் கால்மிதி ஒன்று, பூனை இரண்டு மூன்று எட்டு வைக்கும் நீளத்துக்கு. விரலிடுக்கில் ஒட்டிய மணல் அதிலேயே உதிரும். துணி விரிப்பு சரிவராது. பூனை அதைச் சுருட்டிக்கொண்டு படுத்துவிடும்!

சோளகக் காற்று வீசும் மாதங்களில் கதவுக்கு நேரே வைக்காதீர்கள். கழிவைத் தினமும் அள்ளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும். பூனை மலத்தில் கருவைப் பாதிக்கும் கிருமி இருக்கக்கூடும்.