கலைப் பட்டதாரி வேலை தேடும் முறை: தேடல் சொல்லிலிருந்து பணி மாதிரி வரை

வேலைவாய்ப்புத் தளத்தின் தேடல் பெட்டியில் "வரலாறு" என்றோ "இலக்கியம்" என்றோ தட்டினால் ஆசிரியர், விரிவுரையாளர் என்று இரண்டு மூன்று பணிகள்தான் வந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டுப் பலர் தங்கள் படிப்புக்கு வேலையே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கோளாறு படிப்பில் இல்லை, தேடிய சொல்லில் இருக்கிறது. நர்ஸ், கணக்காளர் போன்றவற்றில் படிப்பின் பெயரே பணியின் பெயராகவும் இருக்கும். கலைப் பாடங்களில் அப்படிக் கிடையாது. செய்ய வேண்டிய காரியத்தை வைத்துத்தான் நிறுவனங்கள் பணிக்குப் பெயர் வைக்கின்றன. ஆகவே முதலில் நீங்கள் செய்த காரியங்களின் பட்டியல் வேண்டும். அடுத்து, அதைச் செய்யத் தெரியும் என்பதை அந்நியர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் பார்த்து ஒப்புக்கொள்ளும்படியான பணி மாதிரிகள் வேண்டும். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் பின்னால்தான்.

செய்த காரியங்களை வினைச்சொற்களாக எழுதுங்கள்

கடைசி இரண்டு ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகள், ஆய்வேடு, களப்பணி, மாணவர் இதழ், நாடகம், விழா ஏற்பாடு எல்லாவற்றையும் ஒரு தாளில் இறக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன செய்தீர்கள் என்பதை வினைச்சொல்லில், எண்ணோடு எழுதுங்கள். "சமூகவியல் ஆய்வேடு" என்பதால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. "18 பேரை நேர்கண்டேன், ஒலிப்பதிவை எழுத்தாக்கினேன், பதில்களை வகைப்படுத்தினேன், 60 பக்க அறிக்கையைக் கெடு தேதிக்குள் முடித்தேன்" என்றால் அதில் நான்கு வேலைகள் தெரிகின்றன.

அந்த வினைச்சொற்கள்தான் உங்கள் தேடல் சொற்கள். ஆட்களை நேர்கண்டு பதில்களை வகைப்படுத்தியவருக்கு யூசர் ரிசர்ச் (மக்கள் ஒரு சேவையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்வது), சந்தை ஆய்வு, திட்ட மதிப்பீடு. முரண்பட்ட ஆதாரங்களை ஒப்பிட்டு எது நம்பத்தக்கது என்று தீர்ப்புச் சொல்லப் பழகிய வரலாற்று மாணவருக்குத் தகவல் சரிபார்ப்பு, ஆவண மேலாண்மை, நிறுவனப் பின்னணி ஆய்வு. வாதத்தைப் பிரித்துப் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிக்கும் தத்துவ மாணவருக்குக் கொள்கை ஆய்வு, விதி இணக்கப் பிரிவு (நிறுவனம் சட்டவிதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பது). பிறர் எழுத்தைத் திருத்திப் பழகியவருக்குப் பதிப்பாசிரியர், கன்டென்ட் டிசைனர் (இணையதளம், செயலிகளில் வரும் எழுத்தை வடிவமைப்பவர்), டெக்னிக்கல் ரைட்டர் (பயனர் கையேடு போன்றவற்றை எழுதுபவர்). இரண்டு மொழி நன்றாகத் தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பு, லோக்கலைசேஷன் (ஒரு மென்பொருளையோ தளத்தையோ உள்ளூர் மொழிக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப மாற்றுவது), சப்டைட்டில்.

பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர், உளவியல் ஆலோசகர், நூலகர் போன்ற பணிகளுக்குப் பெரும்பாலான இடங்களில் தனித் தொழிற்படிப்போ உரிமமோ கேட்பார்கள். அந்தப் பக்கம் போக விருப்பமென்றால் தகுதி விதிகளை முதலில் படியுங்கள். முதுகலையில் சேர்ந்த பிறகு அந்த விதிகளைப் படித்தால் ஓர் ஆண்டு வீணாகக்கூடும்.

ஒரு பணியைத் தேர்ந்து முப்பது விளம்பரம் படியுங்கள்

பட்டியலிலிருந்து ஒரு பணியை, அதிகம் போனால் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் வந்த முப்பது விளம்பரங்களைச் சேகரித்து, கேட்கப்படும் ஒவ்வொரு திறனையும் கருவியையும் எக்செல் தாளில் தனித்தனிப் பத்தியாகப் போட்டு, எத்தனை விளம்பரத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். ஒரு மாலை நேர வேலைதான். பாதிக்கு மேற்பட்ட விளம்பரங்களில் வருவது கட்டாயத் தேவை. ஒன்றிரண்டில் மட்டும் வருவதைக் கண்டுகொள்ள வேண்டாம். "மூன்று ஆண்டு அனுபவம்" என்று போட்டிருக்கும் இடத்திலும் மற்றத் தேவைகள் பொருந்தினால் விண்ணப்பியுங்கள். எட்டு ஆண்டு கேட்டால் விட்டுவிடுங்கள்.

இந்தக் கணக்கெடுப்பைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் சான்றிதழ் சேர்க்கும் பொறியில் விழுகிறார்கள். டிஜிட்டல் மார்க்கெட்டிங், டேட்டா சயின்ஸ், பைத்தான் என்று ஆறு ஆன்லைன் படிப்பு முடித்திருப்பார்கள், எதிலும் காட்ட ஒரு வேலை இருக்காது. கணக்கெடுப்பில் மேலே வந்த ஒரே ஒரு கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள். பல பணிகளுக்கு அது எக்செல்லாகவே இருக்கும்: வடிகட்டல், பிவோட் டேபிள் (தரவை வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் அட்டவணை), இரண்டு தாள்களை இணைத்துத் தேடும் சூத்திரம். இந்த மூன்றும் தெரிந்த கலைப் பட்டதாரி அலுவலகத்தில் தனியாகத் தெரிவார்.

பணி மாதிரி செய்வது

மூன்று மாதிரி போதும். ஒவ்வொன்றும் ஒன்று முதல் மூன்று பக்கம். கல்லூரிக் கட்டுரையை அப்படியே காட்டக் கூடாது. அது மதிப்பெண் போடுபவருக்காக எழுதியது, வேலை தருபவர் நான்காம் பக்கத்தில் முடிவைத் தேடமாட்டார். முடிவு முதல் பத்தியில் இருக்க வேண்டும்.

பதிப்புப் பணிக்கு: காப்புரிமை முடிந்த அல்லது பொது உரிமத்தில் உள்ள 600 சொல் பகுதி ஒன்றை எடுத்து, வேர்டில் மாற்றத் தடம் பதியும் வசதியை இயக்கிவிட்டுத் திருத்துங்கள். ஏன் திருத்தினீர்கள் என்று ஐந்தாறு இடங்களில் குறிப்பு எழுதுங்கள். எண், ஊர்ப்பெயர், சேர்த்தெழுதல், மேற்கோள் குறி ஆகியவற்றுக்கு நீங்கள் எடுத்த முடிவுகளை ஒரு பக்க நடைத்தாளாக இணையுங்கள். இந்த நடைத்தாள்தான் தொழில் தெரிந்தவர் என்பதைக் காட்டும். கட்டமைப்புத் திருத்தம், மொழித் திருத்தம், மெய்ப்புத் திருத்தம் மூன்றும் வேறு வேறு என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். பக்கம் வடிவமைத்து முடிந்த மெய்ப்பில் (அச்சுக்கு முந்தைய சோதனைப் படியில்) ஒருவர் பத்தியையே மாற்றி எழுதினால் அடுத்தடுத்த பக்கங்கள் நகர்ந்து அட்டவணையும் சொல்லடைவும் குலையும். புதியவர்கள் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்வது இதில்தான்.

மொழிபெயர்ப்புக்கு: சட்டம், மருத்துவம், மென்பொருள் என ஒரு துறையைத் தேர்ந்து, 250 சொல் மூலமும் அதன் மொழிபெயர்ப்பும் இரண்டு நெடுவரிசையாக அருகருகே. கவிதையும் சிறுகதையும் மட்டுமே மாதிரியாக வைத்திருந்தால் நிறுவனங்கள் தயங்கும், அவர்கள் கையில் இருப்பது ஒப்பந்தங்களும் பயனர் கையேடுகளும். மொழிபெயர்ப்பு நினைவகத்தோடு (முன்பு பெயர்த்த வாக்கியங்களைச் சேமித்து மீண்டும் காட்டும் வசதி) வேலை செய்யும் மென்பொருள் ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டும். இலவசமான ஒமேகாடியில் தொடங்கலாம். மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐ.எஸ்.ஓ. 17100 தரநிலை, 2015இல் வந்தது, மொழிபெயர்ப்பில் பட்டம் இல்லாதவருக்கும் வழி வைத்திருக்கிறது: வேறு துறைப் பட்டத்தோடு இரண்டு ஆண்டு முழுநேர மொழிபெயர்ப்பு அனுபவம் இருந்தால் தகுதி உண்டு. ஆகவே முதல் நாளிலிருந்தே எந்த மாதம், எத்தனை சொல், எந்தத் துறை என்று பதிவு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண உரைகளுக்கு இன்று இயந்திரம் செய்த மொழிபெயர்ப்பைத் திருத்தும் வேலைதான் அதிகம் தரப்படுகிறது. அதற்குச் சொல் கணக்கில் கூலி குறைவு, கவனம் அதிகம், ஏனெனில் இயந்திரத்தின் பிழை சரளமான வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும். மணிக்கணக்கில் கூலி பேசுவது நல்லது.

சப்டைட்டிலுக்கு மொழியைப் போலவே நேரமும் முக்கியம். நெட்ஃபிளிக்ஸின் பொது விதிப்படி ஒரு சப்டைட்டில் இரண்டு வரியைத் தாண்டக் கூடாது, 7 நொடிக்கு மேல் திரையில் நிற்கவும் கூடாது. ஒரு மூன்று நிமிடக் காட்சிக்கு, உரிமம் அனுமதிக்கும் வீடியோவில், சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் செய்து பாருங்கள். பேச்சு முழுவதையும் பெயர்த்துவிட்டு, படிக்க நேரமில்லாமல் விட்டுவிடுவதுதான் புதியவர் செய்யும் பிழை. எதை விடுவது என்று முடிவெடுக்கும் கலைதான் சப்டைட்டில்.

யூசர் ரிசர்ச்சுக்கு: ஏதாவது ஒரு பொதுச் சேவையின் இணையப் படிவத்தை எடுத்து, ஐந்து பேரிடம் ஒரே பணியைக் கொடுத்து, பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். ஐந்து என்ற எண் பயன்பாட்டு ஆய்வு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் பரிந்துரைத்தது: பயன்பாட்டுச் சிக்கல்களில் பெரும்பகுதி முதல் ஐந்து பேரிலேயே வெளிப்பட்டுவிடும் என்பது அவர் கணக்கு. ஐந்து பேர் போதும் என்பது பயனர் தடுமாறும் இடத்தைக் கண்டுபிடிக்க மட்டும்தான். எத்தனை சதவீதம் பேருக்குப் பிடித்திருக்கிறது என்று ஐந்து பேரை வைத்துச் சொன்னால் நேர்காணலிலேயே மதிப்பு போய்விடும். ஒப்புதல் வாங்குங்கள், பெயர்களை எடுத்துவிடுங்கள், மூன்று கண்டுபிடிப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிந்துரை என்று இரண்டு பக்கம்.

ஆவணக் காப்பகப் பணிக்கு: ஒரு சங்கமோ குடும்பமோ வைத்திருக்கும் ஐம்பது கடிதங்களைக் கேட்டு வாங்குங்கள். பன்னாட்டு ஆவணக் காப்பகக் குழுவின் விவரணத் தரநிலையில் 26 கூறுகள் உண்டு. அவற்றில் இன்றியமையாதவை ஆறு: குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், தேதி, அளவு, விவரண நிலை (விவரிப்பது முழுத் தொகுப்பையா, ஒரு கோப்பையா, தனி ஆவணத்தையா என்பது). அந்த ஆறையும் ஒவ்வொரு கடிதக் கட்டுக்கும் நிரப்பி ஓர் அட்டவணை செய்தால் அது நேரடியான சான்று. தேதிவாரியாக எல்லாவற்றையும் கலைத்து அடுக்கிவிடாதீர்கள். வைத்திருந்தவர் வைத்த வரிசையே ஒரு தகவல், அதைக் குலைப்பது இந்தத் தொழிலில் பெரிய குற்றம்.

தொண்டு நிறுவனப் பணிக்கு வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட ஒரு நிதி அழைப்பை (நிதி கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லும் அறிவிப்பை) எடுத்து இரண்டு பக்கக் கருத்துரு (திட்ட முன்மொழிவு) எழுதுங்கள்: பிரச்சினை, செயல்பாடு, விளைவு, அதை அளக்கும் குறியீடு, செலவு. கொள்கை ஆய்வுக்கு ஒரு வரைவு விதியை ஒரே பக்கத்தில் சுருக்குங்கள். மனிதவளம், பயிற்சி, நிகழ்ச்சி ஏற்பாடு போன்றவற்றில் மாதிரியைவிட நடத்திக் காட்டிய அனுபவமே பேசும்.

ஒரு நிறுவனத்தில் பயிற்சியில் இருந்தபோது செய்த வெளியாகாத வேலையை அனுமதியின்றிக் காட்டாதீர்கள். பார்ப்பவர் தன் நிறுவன ரகசியமும் இப்படித்தான் போகும் என்று நினைப்பார்.

ரெஸ்யூமே

ஒரு பக்கம். மேலே பெயர், தொடர்பு, மாதிரிகளுக்கான இணைப்பு. அதன் கீழ் வேலைக்கு நெருக்கமானது முதலில், அது ஆய்வேடாக இருந்தாலும் சரி. "நல்ல தகவல் தொடர்புத் திறன், குழு உணர்வு" போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள், எல்லோரும் எழுதுகிறார்கள், யாரும் நம்புவதில்லை. "கல்லூரி இதழில் ஆசிரியர் குழு உறுப்பினர்" என்பதை "ஆண்டுக்கு நான்கு இதழ், 12 எழுத்தாளர்களிடம் படைப்பு வாங்கித் திருத்தி, அச்சுக்கு நாள் தவறாமல் அனுப்பியது" என்று மாற்றுங்கள்.

பல நிறுவனங்களில் முதலில் படிப்பது மென்பொருள். இரட்டை நெடுவரிசை, கட்டங்கள், படமாக வைத்த எழுத்து ஆகியவை அதில் சிதறும். சோதிக்க எளிய வழி உண்டு: பி.டி.எஃப். கோப்பிலிருந்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை மாறினாலோ எழுத்து உடைந்தாலோ அதே கோலத்தில்தான் அங்கேயும் போய்ச் சேரும்.

ஆட்களிடம் பேசுவது

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், அறிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தகவல் தந்தது அடிக்கடி பார்க்கும் நண்பர் அல்ல, எப்போதாவது பார்க்கும் அறிமுகம்தான் என்று தெரியவந்தது. காரணம் எளிது: நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆகவே மூத்த மாணவர்கள், முன்பு பாடம் எடுத்தவர்கள், ஒரு கருத்தரங்கில் ஒருமுறை பேசியவர் ஆகியோரின் பட்டியல் எடுங்கள்.

செய்தி நூறு சொல்லுக்குள். நீங்கள் யார், அவருடைய எந்த வேலையைப் பார்த்து எழுதுகிறீர்கள், இருபது நிமிடம் பேச முடியுமா. வேலை கேட்காதீர்கள், கேட்டால் "இப்போது இல்லை" என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடும். பேசும்போது மூன்று கேள்வி பயன் தரும்: நேற்று முழுநாளும் என்ன செய்தீர்கள்? புதிதாக வருபவருக்கு என்ன சோதனை வைக்கிறீர்கள்? எந்த விண்ணப்பத்தைப் பார்த்ததும் ஒதுக்குகிறீர்கள்? முடிவில் "இன்னும் யாரிடம் பேசலாம்?" பதில் வராதவருக்கு ஒரு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதோடு சரி.

நேர்காணலும் சோதனையும்

"இந்தப் படிப்பு படித்துவிட்டு ஏன் இங்கே?" என்பது வரும். மன்னிப்புக் கேட்கும் குரலில் பதில் சொல்லாதீர்கள். படிப்பில் செய்த ஒரு காரியத்தைச் சொல்லி, அது இந்தப் பணியின் எந்த வேலைக்கு நேராகப் பொருந்துகிறது என்று காட்டி, மாதிரியைத் திறந்து வையுங்கள்.

சோதனை வேலை சிறியதாக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் 300 சொல் நியாயம். மூவாயிரம் சொல் கேட்டால் அது கூலியில்லா வேலை, கூலி கேளுங்கள். வேலை தருவதற்குப் பயிற்சிக் கட்டணமோ முன்பணமோ கேட்பவரிடமிருந்து உடனே விலகுங்கள்.

எங்கே அடைக்கிறது என்று பாருங்கள்

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தேதி, பணி, அனுப்பிய மாதிரி, பதில் என்று தாளில் ஒரு வரி. முப்பது அனுப்பியும் அழைப்பே இல்லையென்றால் பணித் தேர்விலோ ரெஸ்யூமேயிலோ கோளாறு; விளம்பரக் கணக்கெடுப்பை எடுத்து ஒப்பிடுங்கள். அழைப்பு வந்து சோதனையில் நின்றுபோனால் அந்தத் திறனை வளர்க்க வேண்டும். மாதிரிகளை அந்தத் துறையில் இருப்பவர் ஒருவரிடம் காட்டித் திருத்தம் வாங்குங்கள். கடைசிச் சுற்றுவரை போய்த் திரும்பினால் பெரும்பாலும் சம்பள எதிர்பார்ப்போ அனுபவ ஒப்பீடோதான். ஆறு மாத ஒப்பந்தப் பணிக்கும் தயார் என்று சொல்லிப் பாருங்கள். அழைப்பே வராதவர் நேர்காணல் பயிற்சிக்குப் போவதும், சோதனையில் தோற்பவர் ரெஸ்யூமேயின் எழுத்துருவை மாற்றுவதும் மாதங்களைத் தின்னும்.

வேலை கிடைத்ததும் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடுங்கள்: வெளியான வேலைகளை உங்கள் மாதிரித் தொகுப்பில் காட்டலாமா? இல்லையென்றால் கையெழுத்திடும் முன் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். சேர்ந்த பிறகு அதைக் கேட்பது கடினம்.