ஹஸ்கி வண்டிச் சவாரி: ஓட வைப்பது எளிது, நிறுத்துவதுதான் வேலை

பின்லாந்தின் ரோவனியேமிக்கோ நார்வேயின் டிரோம்சோவுக்கோ குளிர்காலத்தில் போகிறவர்கள் ஹஸ்கி நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியில் ஏறாமல் திரும்புவது அபூர்வம். ஏறுமுன் எல்லாருக்கும் ஒரே கவலை: நான் சொன்னால் நாய்கள் ஓடுமா? ஓடும். சொல்லாவிட்டாலும் ஓடும். நிறுத்துவதற்குத்தான் நீங்கள் வேண்டும். இது புரியாமல் ஏறுவதுதான் முதல் தவறு.

இந்த வண்டிக்குக் கடிவாளம், மூக்கணாங்கயிறு எதுவும் இல்லை. வழிகாட்டியின் வண்டி முன்னே போகும். உங்கள் நாய்கள் அதன் தடத்திலேயே போகும். ஒருவர் உள்ளே உட்கார, இன்னொருவர் பின்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள்மேல் நின்று ஓட்டுவார். கட்டைகளுக்கு நடுவே இரும்புப் பற்கள் வைத்த ஒரு சட்டம் இருக்கும். அதுதான் பிரேக். வண்டி நின்றதும் பலர் அதிலிருந்து காலை எடுத்துவிட்டு போட்டோ எடுக்கப் பார்க்கிறார்கள். நாய்கள் அந்த நொடிக்காகவே துள்ளிக்கொண்டிருக்கும். வண்டி நின்றுகொண்டிருக்கும் நேரம் முழுக்க இரண்டு கால்களும் பிரேக்கின்மேல்தான் இருக்க வேண்டும்.

விழுந்தால் கைப்பிடியை விடுவது அதைவிடப் பெரிய தவறு. நீங்கள் பனியில் கிடப்பதை நாய்கள் திரும்பிப் பார்க்காது. உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்கள் மனைவியோடு வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

இறக்கத்தில் பிரேக்கை லேசாக அழுத்தியே வர வேண்டும். இல்லாவிட்டால் கயிறு தொய்ந்து, வண்டி கடைசி ஜோடி நாய்களின் கால்களில் இடிக்கும். ஏற்றத்தில் ஒரு காலால் உந்தவேண்டும், செங்குத்தாக இருந்தால் இறங்கித் தள்ளவேண்டும். தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தால் நாய்கள் தலையைத் திருப்பி உங்களை ஒரு பார்வை பார்க்கும்; அதற்கு விளக்கம் தேவைப்படாது. வளைவில் பைக் ஓட்டுவதுபோல உள்பக்கமாகச் சாயுங்கள்.

அடுத்தது உடை. ஜீன்ஸும் பருத்தி உள்ளாடையும் வேண்டாம். ஏற்றத்தில் தள்ளும்போது வேர்க்கும்; பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பிறகு உடம்பை நடுக்கும். கம்பளி உள்ளாடை, அதன்மேல் இன்னொரு அடுக்கு, அதற்குமேல் பெரும்பாலும் சவாரி நடத்துகிறவர்களே தரும் முழு உடுப்பு. பூட்ஸையும் அவர்களே தருவார்கள். ஒரு அளவு பெரிதாகக் கேளுங்கள். சாக்ஸ்மேல் சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். ஓட்டுகிறவரைவிட அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் குளிர் அதிகம். பாதி வழியில் இடம் மாறிக்கொள்ளலாமா என்று முன்பே கேட்டுவையுங்கள். போனை உள்பையில் வையுங்கள். வெளியே வைத்தால் குளிரில் பேட்டரி உட்கார்ந்துவிடும்.

பதிவு செய்யும்போதே நடக்கிற தவறுகளும் உண்டு. ‘ஹஸ்கி சவாரி’ என்ற பெயரில் சில நூறு மீட்டர் சுற்றும் இருக்கும், பல கிலோமீட்டர் பயணமும் இருக்கும். எத்தனை கிலோமீட்டர், நாமே ஓட்டலாமா என்ற இரண்டையும் கேளுங்கள். டிசம்பர் தொடக்கத்தில் பனி போதாமல் சக்கர வண்டி தரும் இடங்களும் உண்டு. டிரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் உதிப்பதே இல்லை. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீல வெளிச்சம் மட்டும்தான். வெளிச்சம், பனி இரண்டும் வேண்டுமென்றால் என் ஓட்டு மார்ச்சுக்கு.

நீலக் கண், அடர்ந்த ரோமம் என்று எதிர்பார்த்துப் போய், ஒல்லியான கலப்பின நாய்களைக் கண்டு முகம் சுளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவை அலாஸ்கன் ஹஸ்கிகள். அழகுக்காக அல்ல, ஓட்டத்துக்காக வளர்க்கப்பட்டவை. இந்த நாய்வண்டிச் சவாரியை, ஐரோப்பாவின் வடகோடியான லாப்லாந்தில் வாழும் சாமி (Sámi) என்ற பழங்குடி மக்களின் தொன்மரபு என்று நினைப்பதும் தவறு. அவர்களுடையது கலைமான் வண்டி. ஹஸ்கிகள் சுற்றுலாவோடு வந்தவை.

புறப்படுமுன் நாய்கள் காது கிழியக் குரைக்கும். கயிறை அவிழ்த்ததும் சட்டென்று அமைதி. குழந்தைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் பயந்து அழுதுவிடுவார்கள். தடவிக்கொடுக்க நல்ல நேரம் ஓடி முடித்த பிறகுதான். எந்த நாயைத் தொடலாம் என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். பையில் இருக்கும் பிஸ்கட்டை மட்டும் நீட்டாதீர்கள். ஒரே கயிற்றில் கட்டிய நாய்களுக்கு நடுவே தீனி விழுந்தால் சண்டைதான்.