இனிஷியலுக்குள் ஒரு ஊர்: அரிய வீட்டுப்பெயரின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி

சேலத்தில் முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது "இனிஷியல் என்ன?" என்று கேட்பவன். என் இனிஷியலுக்கு முன்னால் இன்னொரு எழுத்து இருந்தது என்பதே எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அப்பா காலமான பிறகு அவருடைய நெசவாளர் சங்க உறுப்பினர் புத்தகத்தைப் புரட்டினேன். அவர் பெயருக்கு முன்னால் தாத்தாவின் எழுத்து, அதற்கும் முன்னால் ஒரு 'பெ.' இருந்தது. அம்மாவிடம் கேட்டேன். அரிசியைக் களைந்துகொண்டே, "அது இண்டிபேருடா. பெனுகொண்டா" என்றாள். இண்டிபேரு என்றால் தெலுங்கில் வீட்டுப்பெயர். அன்றைக்கு ஆரம்பித்த தேடல் இது. இதே மாதிரி ஒரு பெயர் உங்கள் வீட்டிலும் பாதி மறந்த நிலையில் கிடக்கலாம் என்பதால், நான் போன வழியை எழுதுகிறேன்.

தெலுங்கு பேசும் குடும்பங்களில் வீட்டுப்பெயர்தான் முதலில் வரும். பி.வி. நரசிம்ம ராவ் என்பதில் 'பி' பாமுலபர்த்தி, என்.டி. ராமாராவில் 'என்' நந்தமூரி. இரண்டுமே வீட்டுப்பெயர்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்களுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும் போதுமானதாகிவிட்டது. இரண்டு தலைமுறையில் இண்டிபேரு கல்யாணப் பேச்சில் மட்டும் மிஞ்சியது. அதுவும், ஒரே இண்டிபேருக்குள் பெண் எடுக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததால் மிஞ்சியது.

அதனால் முதலில் போக வேண்டியது வீட்டிலுள்ள வயதான பெண்களிடம். ஆண்களுக்கு ஒரு வீட்டுப்பெயர்தான் தெரியும். பெண்களுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று குறைந்தது இரண்டு தெரியும். அக்கா தங்கைகளைக் கொடுத்த வீடுகளையும் சேர்த்தால் ஏழெட்டு. "நம்ம இண்டிபேரு என்ன?" என்று மட்டும் கேட்டால் ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். "உன் அம்மா எந்த வீட்டுப் பெண்? எந்த ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள்?" என்று கேளுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் உச்சரிப்புதான் உங்கள் முதல் ஆதாரம். அவர்கள் சொல்வது எழுத்தில் எப்படி வரும் என்பது அப்புறம்.

அந்த உச்சரிப்பில்தான் நான் ஒரு வருஷத்தை இழந்தேன். தமிழில் 'பெனுகொண்டா' என்று எழுதிவிட்டால், நடுவில் உள்ள 'கொ' கல்லில் வரும் ஒலியா, தங்கத்தில் வரும் ஒலியா என்று தெரியாது. தெலுங்கில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. ஆந்திராவிலோ இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று ராயலசீமையில், அனந்தப்பூர் பக்கம் இருக்கும் பெனுகொண்டா, கல் ஒலி. 1565-இல் தலிக்கோட்டைப் போரில் தோற்றபின் விஜயநகர அரசர்கள் தலைநகரை மாற்றிக்கொண்ட மலைக்கோட்டை அதுதான். 'பெனு' என்றால் பெரிய, 'கொண்டா' என்றால் மலை. இன்னொன்று கோதாவரிக்குப் பக்கத்தில், வாசவி கன்னிகா பரமேஸ்வரிக்குப் பெயர்போன ஊர், தங்கத்தின் ஒலி. நான் கூகுளில் முதலில் வந்ததை நம்பிக் கோதாவரிக்குப் போய்விட்டேன். மனதால்தான் போனேன், ஆனால் அந்த ஒரு வருஷம் போனது போனதுதான். ஆகவே உங்கள் பெயரில் க, ச, ட, த, ப இருந்தால் ஒவ்வொன்றுக்கும் என்னென்ன ஒலி சாத்தியம் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அத்தனை எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். ஆங்கிலத்திலும் ஒரே பெயரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள்.

பெயர் எந்த வகை என்பதையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிட வேண்டும். ஆவுல என்றால் பசு, குர்ரம் என்றால் குதிரை, சிந்தா என்றால் புளி, பெல்லம் என்றால் வெல்லம். இந்த மாதிரிப் பெயர்கள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஊர்களில் தனித்தனியாக முளைத்திருக்கும். அவற்றுக்கு ஒற்றைப் பூர்வீகம் தேடுவதில் அர்த்தமில்லை. ஊர்ப்பெயரே வீட்டுப்பெயரானவர்களுக்குத்தான் வரைபடத்தில் கை வைக்க ஓர் இடம் கிடைக்கும்.

சரி, இனி என் தொழிலுக்கு வருகிறேன். பத்திரங்களைப் போல உதவுவது வேறெதுவும் இல்லை. ஆனால் எல்லோரும் தப்பான இடத்தில் பார்க்கிறார்கள். தங்கள் தாய்ப்பத்திரத்தை எடுத்து, "இன்னார் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்த" என்ற வரியைப் படித்துவிட்டு, இண்டிபேரு இல்லை என்று வைத்துவிடுகிறார்கள். அந்த வரியில் இருக்காது. ஆளை அடையாளம் காட்ட அதில் அப்பா பெயர் இருக்கிறதே! இரண்டு இடங்களில் பாருங்கள். ஒன்று, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து. இன்னொன்று, செக்குபந்தி, அதாவது சொத்தின் நான்கு பக்க எல்லை விவரம். அதுவும் உங்கள் பத்திரத்தின் செக்குபந்தி அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் பத்திரத்தில் இருப்பது. நான்கெல்லை எழுதும்போது பக்கத்து வீட்டைத் தெருவில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே எழுதிவிடுவார்கள். ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால், வீட்டுப்பெயர் சொல்லாமல் எல்லை காட்ட முடியாது. "பெனுகொண்டாவார் வீட்டுக்குத் தெற்கு, பாவடிக்கு மேற்கு" என்ற வரியை அம்மாபேட்டையில் எங்கள் பழைய வீட்டுக்குத் தெற்கே இருந்த வீட்டின் பத்திரத்தில்தான் கண்டேன். நெசவுக்கான பாவு நூலை நீட்டுவதற்குத் தெருவோடு விட்டிருந்த பாவடி இன்று இல்லை, வரி இருக்கிறது.

கையெழுத்து அதைவிடப் பெரிய விஷயம். பத்திரம் முழுக்கத் தமிழில் இருக்கும். கீழே என் தாத்தாவின் அப்பா தெலுங்கில் கையெழுத்துப் போட்டிருந்தார். மை பழுப்பாகிவிட்டது. முதல் எழுத்துக்கு மட்டும் பேனாவை அழுத்தியிருக்கிறார், அப்புறம் கை நடுங்கியிருக்கிறது. வீட்டுப்பெயரை முழுதாக எழுதியிருந்தார். தெலுங்கில் தங்கத்தின் ஒலிக்கான எழுத்து கீழ்ப்பக்கம் திறந்த ஒரு வளைவு, குடை மாதிரி. இது அப்படி இல்லை. பூதக்கண்ணாடி வைத்து நாலைந்து தடவை பார்த்தேன். தெலுங்கு படித்த ஓர் ஆசிரியரிடமும் காட்டினேன். கல் ஒலிதான்.

ஒரே ஓர் எழுத்தை வைத்து ஊரை முடிவு செய்யலாமா என்று கேட்டால், கூடாது. தெலுங்கில் இரண்டு சொல் சேரும்போது அடுத்த சொல்லின் முதல் ஒலி மெலிவது வழக்கம். கல் ஒலி தங்கத்தின் ஒலியாகிவிடும். அதனால் தங்க ஒலியில் எழுதியிருந்தால் அது எந்த ஊராகவும் இருக்கலாம். ஆனால் மெலிந்த ஒலி தானாக வலிப்பது அபூர்வம். எங்கள் கையெழுத்து வல்லொலியில் இருந்ததால் ராயலசீமைப் பக்கம் சாய்ந்தேன். சாய்ந்தேன் என்றுதான் சொல்கிறேன்.

பழைய பத்திர நகல் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை வெளியாட்களுக்குத் தரமாட்டார்கள், காலமான பிறகு தருவார்கள். இதர ஆவணங்களுக்கான நாலாம் புத்தகம் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும். சமீபத்திய வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் நான் கேட்ட பழைய வால்யூமில் நாற்பது பக்கம் கரையான் அரித்துப் போயிருந்தது. அந்த நாற்பதில் எங்களுடையது இருந்ததா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். இருப்பதை இப்போதே நகல் எடுத்துவிடுங்கள்.

பத்திரத்தில் 'சேலம் ஜில்லா' என்று இருந்தால் எந்த வருஷம் என்று பார்க்காமல் மேலே போகாதீர்கள். திருப்பத்தூர் 1911 வரை சேலம் ஜில்லாவில் இருந்தது. தர்மபுரி 1965-இல் பிரிந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதுவரை இங்கேதான். நாமக்கல் 1997-இல் பிரிந்தது. ஆந்திரப் பக்கமும் இதே கதை. பெனுகொண்டா 1882 வரை பெல்லாரி ஜில்லா, அதன்பின் அனந்தப்பூர், 2022 முதல் ஸ்ரீ சத்ய சாயி மாவட்டம். 'பெல்லாரி ஜில்லா' என்று கண்டதும் கர்நாடகத்தில் தேடப் போனால் கிடைக்காது.

அடுத்தது மொய் நோட்டு. யாரும் இதை ஆவணமாக நினைப்பதில்லை. ஊர், பெயர், தொகை என்று வரி வரியாக எழுதியிருப்பது குடும்பத்தின் வரைபடம்தான். என் அத்தை கல்யாண மொய் நோட்டின் அட்டை கிழிந்து, உள்ளே மஞ்சள் கறையோடு இருக்கிறது. அதில் அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை எல்லாம் தாண்டி, தர்மபுரி ஒருவர், கிருஷ்ணகிரி மூவர், ஓசூர் இருவர், இந்துப்பூர் ஒருவர். அந்த ஊர்களை வரைபடத்தில் வரிசையாகப் புள்ளி வைத்தேன். புள்ளிகள் ஒரே சாலையில் ஏறிப் போயின. இன்றைய 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பெனுகொண்டாவைத் தொட்டு, பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகச் சேலத்துக்கு வருகிறது. இந்துப்பூர் மட்டும் கொஞ்சம் மேற்கே விலகி நிற்கிறது. அந்த வரைபடத்தைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனிப் பரவலைக் கணக்கிடுவது. குடும்பப்பெயர்களின் உலகப் பரவலைக் காட்டும் இணையதளங்கள் இருக்கின்றன. ஃபோர்பியர்ஸ் அதில் ஒன்று. அவற்றின் எண்கள் மதிப்பீடுகள், அதுவும் ஆங்கில எழுத்துக்கூட்டலை வைத்து. தமிழ்நாட்டில் அப்பா பெயரே கடைசிப் பெயராக ஏறிவிடுவதால், இங்கே நம் வீட்டுப்பெயர் பெரும்பாலும் கணக்கிலேயே வராது. திசை காட்ட மட்டும் பயன்படுத்துங்கள். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாக இணையத்தில் கிடைக்கிறது. ஆந்திரப் பட்டியல்களில் வீட்டுப்பெயரோடு எழுதுவது வழக்கம் என்பதால் அங்கே தேடுவது பலன் தரும். தெலுங்கு எழுத்தில் உங்கள் பெயர் எப்படி இருக்கும் என்று பழகிக்கொண்டு கண்ணால்தான் பார்க்க வேண்டும், மெதுவான வேலை. பார்த்த பாகத்தின் எண்ணைக் குறித்துவையுங்கள், இல்லையென்றால் ஒரே பாகத்தை மூன்று தடவை பார்ப்பீர்கள். ஊர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவர்களின் விவரங்களைத் தொகுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

எண்ணும்போது தலைகளை எண்ணாதீர்கள், விகிதம் பாருங்கள். ஹென்றி கப்பி என்ற ஆங்கிலேயர் 1890-இல் பிரிட்டனின் குடும்பப்பெயர்களை மாவட்டவாரியாக ஆராய்ந்தபோது இரண்டு நல்ல காரியம் செய்தார். விவசாயிகளின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டார், ஏனென்றால் நிலம் வைத்திருப்பவர்கள்தான் சுலபத்தில் ஊர் மாறாதவர்கள். அப்புறம், 10,000 பேரில் எத்தனை பேர் என்று கணக்கிட்டார். நமக்கும் இது பொருந்தும். ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் எந்தப் பெயருக்கும் ஆள் இருப்பார்கள். சின்ன ஊரில் பத்து வீடு இருந்தால் அதுதான் செய்தி. தறிக்காரர்கள் நூலும் சந்தையும் இருக்கும் பக்கம் நகர்ந்தவர்கள். அதே பெயரில் நிலம் வைத்திருக்கும் குடும்பம் கிடைத்தால் அந்த ஊரை இரண்டு தடவை அடிக்கோடிடுங்கள்.

இதையெல்லாம் முடித்துவிட்டு நேரே பெனுகொண்டாவுக்கே போனேன். கோட்டை வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, இந்த இண்டிபேருள்ள குடும்பம் இங்கே உண்டா என்று என் உடைந்த தெலுங்கில் கேட்டேன். கடைக்காரப் பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். இந்த ஊரில் எல்லோரும் பெனுகொண்டாக்காரர்கள்தானே, இங்கே யாரை அந்தப் பெயரால் கூப்பிடுவார்கள் என்று திருப்பிக் கேட்டார். கையில் டீயோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சேலத்தில் யாரையும் 'சேலத்தார்' என்று கூப்பிடுவதில்லை. ஆத்தூருக்குப் போய்க் குடியேறினால்தான் கூப்பிடுவார்கள். ஊர்ப்பெயர் வீட்டுப்பெயராக ஒட்டுவது அந்த ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு, அடுத்த ஊரில். ஆகவே ஊர்ப்பெயரைத் தாங்கிய குடும்பத்தை அந்த ஊரில் தேடாதீர்கள். அதைச் சுற்றி ஒரு நாள், இரண்டு நாள் நடைதூரத்தில் வளையம் போட்டு, அந்த வளையத்தில் தேடுங்கள். எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் தர்மவரம், இந்துப்பூர்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருப்பேன். இப்போது அங்கேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காலத்தைப் பற்றி ஒன்று. விஜயநகரம் விழுந்ததும் வந்தோம் என்று எங்கள் தெருவில் எல்லாக் குடும்பமும் சொல்லும். எங்களுடையதும் சொல்லும். என் கையில் இருக்கும் மிகப் பழைய காகிதம் அந்தத் தெலுங்குக் கையெழுத்துதான். அதற்கு முந்தையதைக் குடும்பப் பேச்சு என்று தனி நோட்டில் எழுதியிருக்கிறேன். நீங்களும் இரண்டு நோட்டு வையுங்கள்.

வீட்டுப்பெயர் கிடைத்ததும் அதைப் பெயரோடு சேர்க்க ஆசை வரும். பத்திரத்தில் பெயரை மாற்றாதீர்கள். ஆதாரில் உள்ளபடி இல்லையென்றால் பதிவு நின்றுவிடும். விவரிக்கும் வரியில், அப்பா பெயருக்குப் பிறகு, வீட்டுப்பெயர் இன்னது என்று ஒரு சொல் சேர்த்தால் யாரும் தடுக்கமாட்டார்கள். தெலுங்கு வீட்டுக்காரர்கள் வந்தால் நான் இப்போது இனிஷியலோடு இண்டிபேரையும் கேட்கிறேன். போன மாசம் என் மகளுக்கு வீட்டை தானசெட்டில்மெண்ட் எழுதியபோது எங்களுடையதையும் சேர்த்தேன். கீழே கையெழுத்தைத் தெலுங்கில் போட்டேன். ஒரு வாரம் பழகியிருந்தேன். முதல் எழுத்து நன்றாக வந்தது.