குறைந்த செலவில் கேரேஜைச் சீரமைக்க: எந்த வேலை முதலில், எது கடைசியில்?

கேரேஜைப் புதுப்பிக்கலாம் என்று தோன்றியதும் பலர் முதலில் வாங்குவது தரைக்கான பெயின்ட். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில்தான் வாங்க வேண்டும். ஈரம் ஏறும் தரையில் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் கொப்பளித்து உரிந்துவிடும். அப்புறம் அதைச் சுரண்டி எடுக்க ஒரு செலவு, திரும்ப அடிக்க இன்னொரு செலவு. வேலைகளைச் சரியான வரிசையில் செய்தாலே பணம் நிறைய மிச்சமாகும்.

காலி செய்யுங்கள்

எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள். வேண்டாததைக் கொடுத்துவிடுங்கள், இரும்பைப் பழைய சாமான் கடைக்குப் போடுங்கள். பழைய பேட்டரி, மிச்சமான பெயின்ட், பெட்ரோல் ஆகியவற்றைக் குப்பையிலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது. அவற்றை வாங்கிக்கொள்ளும் இடத்தில் ஒப்படையுங்கள்.

இப்போது காரை வழக்கமான இடத்தில் நிறுத்தி, கதவுகளையும் டிக்கியையும் முழுதாகத் திறந்து, அந்த அளவைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே இருப்பதுதான் அலமாரிக்கும் வேலை மேசைக்கும் கிடைக்கும் இடம். இதை அளக்காமல் அலமாரி வாங்கினால், பிறகு கார் கதவைத் திறக்க முடியாது.

ஈரத்தைக் கண்டுபிடியுங்கள்

அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான சதுர பிளாஸ்டிக் தாள் ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ, அந்த இடத்துத் தரை மட்டும் கறுத்திருந்தாலோ, ஈரம் கீழிருந்து வருகிறது என்று அர்த்தம். தாளின் மேல்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றில் உள்ள ஈரம். அதற்குக் காற்றோட்டம் போதும்: சுவரின் கீழே ஒரு திறப்பு, எதிர்ச்சுவரில் மேலே ஒரு திறப்பு.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பும் இதே கதைதான். நீர் சுவருக்குள் ஊறி, உப்பைக் கரைத்து, வெளியே வந்து காய்ந்து போகிறது. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போகும். காய்ந்த நிலையில் பிரஷால் தேய்த்து அள்ளிவிடுங்கள்.

ஈரம் வரும் வழி பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். மழைநீர்க் குழாய் சுவரோரத்திலேயே கொட்டுகிறதா? மண் சுவரை நோக்கிச் சரிந்திருக்கிறதா? குழாயைத் தள்ளிவிடுவதும், மண்ணை வெளிப்பக்கம் சரிவாக அமைப்பதும் மண்வெட்டியோடு முடியும் வேலைகள். கதவின் அடியில் தண்ணீர் வந்தால் அடி ரப்பர் பட்டையை மாற்றுங்கள். ஆனால் மேலே தூக்கும் கதவின் ஸ்பிரிங்கை நீங்களே கழற்றாதீர்கள். மிகுந்த இழுவிசையில் இருக்கும் அது தெறித்தால் பலத்த காயம் ஏற்படும்.

விரிசல்

விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதி, சில வாரங்கள் கவனியுங்கள். நீண்டுகொண்டே போனால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அப்படியே நின்றால் உளியால் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசியை முழுதாக எடுத்து, லேசாக நனைத்து, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் அடைக்கலாம்.

பழைய கட்டடமாக இருந்தால் கவனம் தேவை. கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

வயரிங், விளக்கு, சுவர்

வயரிங்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். எலக்ட்ரீஷியனை வைத்து, எர்த் சரிபார்த்து, மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். அதனால் ஸ்விட்ச், பிளக் பாயின்ட் எதுவும் தரையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குக் கீழே வேண்டாம். இடுப்பு உயரம் இன்னும் நல்லது.

நடுவில் ஒரே விளக்கு போட்டால் வெளிச்சம் முழுவதும் கார் கூரையில் விழும், மேசையில் உங்கள் நிழல்தான் விழும். காரின் இருபுறமும் ஒவ்வொரு எல்.இ.டி. ட்யூப், மேசைக்கு நேர் மேலே ஒன்று என்று போடுங்கள். சுவருக்கும் கூரைக்கும் வெறும் வெள்ளை அடித்தால் போதும், அதே விளக்கு கூடுதல் வெளிச்சம் தரும்.

அலமாரி

பழைய சமையலறை அலமாரி, கடைகள் கழித்துப்போடும் ஆங்கிள் ரேக் இரண்டும் இங்கே நன்றாகப் பொருந்தும். கனமானதைக் கீழ்த்தட்டில் வைத்து, ரேக்கின் மேல்பகுதியைச் சுவரோடு கட்டாயம் திருகி இறுக்குங்கள். தரையில் எதையும் நேரடியாக வைக்காமல் இருந்தால் பெருக்குவது சுலபம்.

கருவிகளைத் தொங்கவிட எனக்குப் பிடித்த முறை ஒன்று உண்டு. ஒரு பலகையை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக அறுத்து இரண்டாக்குங்கள். ஒரு பாதியை, சாய்ந்த விளிம்பு மேலே பார்த்துச் சுவர்ப் பக்கம் சரியும்படி, சுவரில் திருகுங்கள். இன்னொரு பாதியைத் தலைகீழாக்கி, கருவி மாட்டும் பலகையின் முதுகில் அடியுங்கள். இரண்டும் கொக்கிபோல் கவ்விக்கொள்ளும். எடை கூடக்கூடச் சுவரோடு ஒட்டி நிற்கும், இடம் மாற்ற வேண்டுமானால் தூக்கி நகர்த்தினால் போதும்.

கடைசியில் தரை

எண்ணெய்க் கறையில் மரத்தூளைத் தூவி ஊறவிட்டு அள்ளி, பிறகு கிரீஸ் போக்கும் சோப்புத் திரவம் போட்டுத் தேயுங்கள். நன்றாகக் காய்ந்ததும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தரை உறிஞ்சினால் பூச்சு பிடிக்கும். முத்து முத்தாக நின்றால் எண்ணெயோ பழைய பூச்சோ இன்னும் இருக்கிறது. மறுபடி தேய்க்க வேண்டும், அல்லது மேற்பரப்பைக் கிரைண்டிங் செய்ய வேண்டும். புதிதாகப் போட்ட கான்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் காத்திருங்கள்.

தரைக்குப் பூசும் எபாக்சி இரண்டு பகுதிகளாக வரும்: ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்டனர். இரண்டையும் கலந்த நொடியிலிருந்தே இறுக ஆரம்பித்துவிடும். வாளியில் மொத்தமாக இருந்தால் சூடேறி இன்னும் சீக்கிரம் கெட்டியாகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, உள் மூலையில் தொடங்கிக் கதவை நோக்கி வாருங்கள். நடக்கும் அளவு காய்ந்தாலும் காரை உடனே ஏற்றக் கூடாது, சூடான டயர் பூச்சைப் பிடுங்கிக்கொண்டு வரும். டப்பாவில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடியட்டும்.

இதற்குள் பணம் தீர்ந்துவிட்டதா? சரி, தரையை வெறும் கான்கிரீட்டாகவே விடுங்கள். ஈரமில்லாமல், விரிசல் அடைத்து, கறை நீங்கிய கான்கிரீட் வருடக்கணக்கில் காரைத் தாங்கும். எபாக்சியை எப்போது வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம்.